பாக்கின் ‘ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசையரிங்’: பாடகர்குழு ஆர்கனுக்குப் பின்தங்குவது ஏன்?

இது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதி, 1723 ஜூலை 2 அன்று லைப்சிக்கில் அரங்கேறிய 147ஆம் கன்டாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட, வாத்தியங்களோடு பாடும் படைப்பு) கடைசிப் பகுதி. மெட்டு யோஹான் ஷோப்புடையது; பாக் அதைச் சுற்றி நெய்ததுதான் அந்த ஓடும் வாத்தியக் கோடு. மூலத்தில் அதை ஓபோவும் வயலினும் வாசிக்கும். ஆர்கன் மட்டும் இருந்தால் வலது கைக்கு வரும்.

சிக்கல் அங்கேதான். ஆர்கன் திஸ்ர நடையில் அடிக்கு மூன்று சுரம் ஓட, பாடகர்கள் பெரும்பாலும் அடிக்கு ஒரு சுரம் பாடுகிறார்கள். நீண்ட சுரத்தில் மனசுக்குள் ‘தகிட’ எண்ணாதவர் கட்டாயம் இழுப்பார். ஒத்திகையில் முதலில் எல்லோரும் ‘தகிட தகிட தகிட’ என்றே மெட்டைப் பாடட்டும், வார்த்தை பிறகு.

முதல் 8 பார்கள் (தாள அளவுகள்) வாத்தியம் மட்டும், குழு 9ஆவதில் நுழைகிறது. மூச்சை 8ஆவதின் கடைசி அடியிலேயே எடுக்க வேண்டும். 9 வந்தபின் எடுத்தால் முதல் சொல்லே தாமதம்.

இன்னொன்று தூரம். ஆர்கன் 20 மீட்டர் பின்னால் மாடத்தில் இருந்தால் ஒலி வர சுமார் 0.06 வினாடி ஆகும். ஆகவே காதை நம்பாமல் நடத்துநரின் கையைப் பார்த்துப் பாடுங்கள். ஆர்கனின் வலது கைக்கு 8 அடி (குழாய் நீளத்தைக் குறிக்கும் அளவு, தாள அடி அல்ல) ஃப்ளூட் ஸ்டாப், அதாவது மென்மையான ஒரு குழாய் வரிசை, ஒன்றே போதும். கனமாகப் போட்டால் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) காணாமல் போகும்.