வால்பாறை வளைவில் வாந்தி: திருப்பூர் சகோதரிக்கு

ஏழு வயசுப் பையன் போன தடவை ஆழியாறு தாண்டி பத்து வளைவுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்தான்னு எழுதியிருந்தீங்க. பொள்ளாச்சியில பூரியும் பாலும் குடுத்து, அழாம இருக்கக் கையில போனையும் குடுத்திருக்கீங்க. அந்தப் போன்தாங்க முக்கியக் காரணம். கண்ணு அசையாத திரையப் பாக்குது, உள்காது வண்டி திரும்புறதச் சொல்லுது. ரெண்டும் ஒத்துவராதப்பத்தான் குமட்டும்.

மலை ஏறும்போது போன், படப் புத்தகம் ரெண்டுமே வேண்டாம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் பலகையில நம்பர் இருக்கும். அத முதல்ல கண்டுபிடிச்சுச் சொல்றது அவன் வேலைன்னு விடுங்க. பார்வை தானா ரோட்டுக்குப் போயிரும். பின்சீட்டு நடுவுல தோள்பட்டை பெல்ட் இருந்தா அங்கயே, பூஸ்டர் சீட் (பிள்ளைய உயர்த்தி உக்கார வைக்கிற சின்ன இருக்கை) போட்டு உக்கார வைங்க, முன்கண்ணாடி வழியா ரோடு தெரியும். முன்சீட்டு மட்டும் வேண்டாங்க.

திருப்பூர்லயே ரெண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. பொள்ளாச்சியில தண்ணி மட்டும், ஒவ்வொரு மடக்கா.

ஓட்டுறவருகிட்டச் சொல்லுங்க: வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சு ரெண்டாவது கியர்ல ஒரே சீரா ஏறணும். நடு வளைவுல பிரேக் அடிச்சாத்தான் வயிறு புரளும். கார் வாசன பாட்டிலக் கழட்டிருங்க. ஒன்பதாவது வளைவு காட்சிமுனையில பத்து நிமிசம் இறக்கி நிக்க வைங்க; குரங்கு இருக்கும், தின்பண்டம் வெளிய எடுக்காதீங்க.

மாத்திரை டாக்டரக் கேட்டுத்தான். வாந்தி வந்தப்புறம் குடுத்தாப் பிரயோசனமில்ல, மலையடிக்கு வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும். மூடி போட்ட சின்ன வாளி ஒண்ணு காலடியில இருக்கட்டும்.