வாசகர் வினா விடை: வீட்டில் செய்யும் பெரிய காற்றாலை

கடந்த இதழில் சிறு காற்றாலைகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியதன் பின்னர், வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் நான்கை எடுத்து, சுருக்கி, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன்.

உருத்திரபுரம் வாசகர்: மதிப்புக்குரிய ஐயா, நானும் தம்பியும் மச்சானும் சேர்ந்து 4 மீற்றர் விட்டமுள்ள மூன்று இறகுக் காற்றாலை ஒன்றைச் செய்துள்ளோம். இறகுகள் தேக்குப் பலகையில் சீவியவை. பழைய லொறி ஒன்றின் 24 வோல்ற்று ஒல்டனேற்றரை நேரடியாக அச்சில் பொருத்தினோம். வயல் ஓரத்தில் 5 மீற்றர் உயரக் குழாயில் ஏற்றித் தென்மேற்குச் சோழகக் காற்றில் விட்டபோது நன்றாகவே சுழன்றது. ஆனால் பற்றரிக்கு ஒரு அம்பியர்கூடப் போகவில்லை. பிழை எங்கே உள்ளது? வளவில் 60 அடிப் பனை ஒன்று நிற்கிறது. வட்டை, அதாவது ஓலைத் தலைப்பகுதியை, வெட்டிவிட்டு அதன் உச்சியில் ஏற்றலாமா?

பதில்: இறகுகளில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. பிழை ஒல்டனேற்றரில் உள்ளது. வாகன ஒல்டனேற்றர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளைத் தாண்டிய பின்னரே பயனுள்ள அளவு மின்னைத் தரும். உங்கள் காற்றாலையோ, இறகு நுனி காற்றின் வேகத்தைப் போல் ஆறு மடங்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 143 சுற்றுகளே சுற்றும். பற்சில்லோ பட்டியோ வைத்து வேகத்தை எட்டு மடங்காக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். ஆனால் மெல்லிய காற்றில் கிடைக்கும் சொற்ப வலுவின் பெரும்பங்கை அந்த உராய்வே தின்றுவிடும். அத்துடன், ஒல்டனேற்றரின் உள்ளேயுள்ள காந்தப்புலச் சுருளுக்கே பற்றரியிலிருந்து சில அம்பியர் செல்ல வேண்டியிருப்பதால், காற்று குறைந்த இரவில் அது பற்றரியை நிரப்புவதற்குப் பதிலாக வடித்துவிடக்கூடும்.

இதற்கு உலகெங்கும் வீட்டுக் காற்றாலை செய்வோர் கைக்கொள்ளும் வழி, மெதுவாகச் சுழன்றே மின் தரும் நிலைக்காந்த மின்பிறப்பாக்கியைத் தாமே செய்துகொள்வதாகும். இரண்டு வட்ட இரும்புத் தட்டுகளில் நியோடிமியம் காந்தங்களை ஒட்டி, அவற்றின் நடுவே செப்புச் சுருள்களைப் பிசினில் வார்த்த தட்டு ஒன்றை அசையாமல் நிறுத்துவார்கள். காந்தத் தட்டுகள் காரின் சில்லு ஹப் ஒன்றில் ஏறி இறகுகளுடன் சேர்ந்து சுழலும். உங்கள் அளவுக்கு, ஒவ்வொரு தட்டிலும் 16 காந்தங்களும் நடுத்தட்டில் 12 சுருள்களும் கொண்ட அமைப்புப் பொருத்தமானது. இரண்டு தட்டுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும்போது கையால் பிடித்து இறக்கவே கூடாது. அவை ஒன்றையொன்று இழுக்கும் விசை விரலை நசுக்கிவிடும். மூன்று நீண்ட திருகாணிகளை வைத்துச் சிறிது சிறிதாக இறக்குங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் காந்தத்தை நிலையாக இழக்கத் தொடங்கும்; மேற்பூச்சு உரிந்தால் துருவேறிப் பொருமிவிடும். கடலோரக் காற்றுப்படும் இடங்களில் இந்தத் துரு விரைவாக வருவதால், காந்தங்களையும் பிசினுக்குள் மூடி வார்ப்பது நல்லது.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதத்தில் எனக்கு அச்சம் தந்தது அதுதான். காற்றாலையை வெறுமனே, மின் எதுவும் எடுக்காமல், சோழகத்தில் சுழல விட்டிருக்கிறீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும். 4 மீற்றர் விட்டத்தில், நூற்றுக்கு 25 பங்கு மின்னாக மாறுகிறதென்று எடுத்துக்கொண்டால், செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் கிடைப்பது ஏறத்தாழ 230 வாற்று. 10 மீற்றர் காற்றில் 1,800 வாற்றுக்கு மேல். அந்த வலுவை எடுக்கும் சுமை இல்லாதபோது அது முழுவதும் வேகமாக மாறி, இறகைப் பிய்த்தெறியும் வரை ஏறும். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த 2.4 மீற்றர் காற்றாலையில், ஓர் இரவு பற்றரிக் கம்பியிலிருந்த உருகி எரிந்துவிட்டது. நாங்கள் விளக்கணைந்ததை மட்டும் கண்டோம்; வெளியே வந்து பார்ப்பதற்குள் இறகொன்று முறிந்து, பக்கத்து வளவின் கிடுகு வேலியைத் துளைத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் கிடந்தது. பகலில் அங்கே பிள்ளைகள் குளிப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே, வேகத்தை அடக்க மூன்று தனித்தனி ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்க வேண்டும். முதலாவது, வால். இறகுச் சக்கரத்தின் மையத்தைத் தூணின் அச்சிலிருந்து, விட்டத்தின் 25இல் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது உங்களுடையதில் 16 சென்ரிமீற்றர் விலக்கி வைத்து, வாலின் கீலை ஏறத்தாழ 20 பாகை சரித்துப் பொருத்தினால், காற்று மிகும்போது சக்கரம் தானாகவே ஒருபக்கம் திரும்பிக் காற்றை விட்டுவிடும். காற்றுத் தணிய, வாலின் எடையே அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். வால் எந்த வேகத்தில் மடிய வேண்டும் என்பதை அதன் எடையைக் கூட்டிக் குறைத்துத் தீர்மானிக்கலாம். முதலில் இலேசாக வைத்து, வேளைக்கே மடிய விடுங்கள். இரண்டாவது, பற்றரி நிரம்பியதும் மிஞ்சும் மின்னை வெப்பச் சுருள்களில் எரிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. சூரியத் தகட்டுக்குரிய சாதாரணக் கருவி பற்றரி நிரம்பியதும் தொடர்பை அறுத்துவிடும் என்பதால், அதனை இங்கே பயன்படுத்தக் கூடாது. மூன்றாவது, மின்பிறப்பாக்கியின் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைத்துக் குறுஞ்சுற்றாக்கும் ஆளி. அது சக்கரத்தைப் பிடித்து மெதுவாக்கிவிடும். ஆனால் கடும் காற்றில் முழு வேகத்தில் ஓடும்போது போட்டால் சுருள் எரிந்துபோகக்கூடும். காற்று எழும்பும் முன்னரே போடுவது முறை.

பனையைப் பற்றி: வேண்டாம். வட்டை வெட்டினால் மரம் செத்துவிடும். செத்த பனையின் உள்ளேயுள்ள மென்பகுதி மழைநீர் இறங்கி உக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. 10 மீற்றர் காற்றில் உங்கள் சக்கரத்தைக் காற்று தள்ளும் விசை, தூணின் உச்சியில் 60 கிலோ எடையைக் கிடையாகக் கட்டி இழுப்பதற்குச் சமன். வால் மடியாமல் நின்றால் 20 மீற்றர் காற்றில் அது நான்கு மடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்ட பனையை இறக்க முடியாது. ஒரு மரையாணியை இறுக்குவதற்குக்கூட 60 அடி ஏற வேண்டிவரும். அடியில் கீல் வைத்த இரும்புக் குழாய்த் தூணை நான்கு பக்கமும் இழுகம்பியால் கட்டி, உழவு இயந்திரத்தால் மெதுவாக இழுத்து நிமிர்த்தவும் சாய்க்கவும் கூடியதாகச் செய்யுங்கள். 5 மீற்றர் உயரம் போதாது. சுற்றிலும் 150 மீற்றருக்குள் உள்ள மரங்களை விடக் குறைந்தது 9 மீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும் என்பது பொது விதி. பனங்கூடல் அருகில் இருந்தால் அதற்குக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி, வயல் நடுவே நிறுத்துவது, கம்பிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், நல்லது. சோழகம் தென்மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் வெளியாக இருப்பதே முக்கியம்.

விசுவமடு வாசகர்: நிலைக்காந்த மின்பிறப்பாக்கி ஒன்றை 48 வோல்ற்றுப் பற்றரிக்காகச் செய்து முடித்துவிட்டேன். ஏற்றுவதற்கு முன் அது சரியாக உள்ளதா என எப்படிச் சோதிப்பது? ஏற்றிய பின், இது இத்தனை வாற்றுத் தருகிறது என்று எப்படி நம்பிச் சொல்வது?

பதில்: முதற் சோதனைக்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு மின்மானியும் போதும். செக்கனுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கையால் சுழற்றி, மூன்று கம்பிகளில் இரண்டிரண்டாக ஆடலோட்ட வோல்ற்றளவை அளந்து பாருங்கள். மூன்று சோடிகளிலும் ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மாறினால் ஏதோவொரு சுருள் தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளது. அளவு 16 வோல்ற்று என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கேற்ப அது நேராக ஏறுமாதலால், நிமிடத்துக்கு 135 சுற்றில் 36 வோல்ற்று. அதன் உச்சப் பெறுமானம் 51. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கியில் இழக்கும் 1.4 வோல்ற்றைக் கழித்தால் 49க்குச் சற்று மேல். அதாவது அந்த வேகத்தில் பற்றரி மின் ஏற்கத் தொடங்கும். 4 மீற்றர் சக்கரமானால் இது பொருத்தமான வேகம். பின்னர் இரண்டு கம்பிகளை இணைத்துவிட்டுச் சுழற்றுங்கள், விட்டுவிட்டுத் தடுக்கும். மூன்றையும் இணைத்தால் ஒரே சீராக இறுகும். இவை இரண்டும் நடந்தால் சுருள்கள் நலமாக உள்ளன.

அடுத்ததாக, லேத் பட்டறையில் கேட்டு, மெதுவான வேகத்தில் அச்சைப் பிடித்துச் சுழற்றி, உண்மையான பற்றரியையும் வெப்பச் சுருளையும் இணைத்து அரை மணித்தியாலம் ஓடவிட வேண்டும். 20 அம்பியர் ஓட்டத்தில் சுருள்தட்டு எவ்வளவு சூடாகிறது என்பதை இங்கே பார்ப்பது, 15 மீற்றர் உயரத்தில் புகை கண்டு அறிவதை விடப் பன்மடங்கு மேல். இறகுகளைத் தனியாகச் சமன் செய்யுங்கள்: கதவடைத்த அறையில், காற்றுப் படாமல், எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும், நுனிகள் மூன்றும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில், 5 மில்லிமீற்றருக்குள், இருக்க வேண்டும். இதில் பொறுமை காட்டாதவர்களின் தூண்கள் தாம் நடுங்கி நடுங்கி மரையாணிகளை உதிர்க்கின்றன.

ஏற்றிய பின் அளப்பதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். ஒரு வீச்சில் மானி காட்டிய மிகப் பெரிய எண்ணை எடுத்து, 'என்னுடையது 2 கிலோவாற்று' என்று சொல்லிவிடுகிறார்கள். சக்கரத்தின் உயரத்திலேயே காற்றுமானி ஒன்றை, சக்கரத்தின் நிழற்காற்றுப் படாத பக்கத்தில் வைத்து, காற்றின் வேகத்தையும் மின் வலுவையும் ஒரு நிமிடச் சராசரிகளாகப் பதிந்து, ஒவ்வொரு வேகத்துக்கும் வந்த பதிவுகளைச் சேர்த்துச் சராசரி காண வேண்டும். காற்றின் சராசரியை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும் பிழைக்கும். ஒரு மணித்தியாலம் 4 மீற்றரும் அடுத்த மணித்தியாலம் 8 மீற்றரும் வீசினால் சராசரி 6தான்; ஆனால் இரண்டு மணித்தியாலமும் 6 மீற்றராக வீசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான சக்தி அந்தக் காற்றில் இருந்திருக்கும். நூற்றுக்கு 59.3 பங்குக்கு மேல் எந்தக் காற்றாலையும் காற்றிலிருந்து எடுக்க முடியாது என்பது 1919இல் ஜேர்மனியரான பெட்ஸ் நிறுவிய எல்லை. உங்கள் கணக்கு அதைத் தாண்டினால் மானியைச் சந்தேகியுங்கள்.

மாங்குளம் வாசகர்: மன்னார்த் தீவில் பெரிய காற்றாலைகளைப் பார்த்து வந்தேன். எங்கள் காணி காட்டோரம். எனக்கும் ஒன்று பயன்படுமா?

பதில்: உங்களுக்குச் சூரியத் தகட்டையே பரிந்துரைக்கிறேன். மன்னாரில் நிற்கும் 30 சுழலிகளும் ஒவ்வொன்றும் 126 மீற்றர் விட்டமும் 3.45 மெகாவாற்றும் கொண்டவை. வீட்டில் செய்யும் 4 மீற்றர் சக்கரத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பரப்பைக் கடற்காற்றின் முன் விரிப்பவை. காட்டு மரங்களின் நடுவே வீசுவது குழம்பிய, வலுவிழந்த காற்று. அது இறகுகளுக்குக் கேடு, மின்னும் சொற்பம். பூநகரி, பளைப் பக்கத்து வெளிகளில் இருப்பவர்களுக்குக்கூட, வைகாசி முதல் புரட்டாதி வரையான சோழகத்துக்குக் காற்றாலையும் காற்றுச் செத்துக் கிடக்கும் பங்குனி, சித்திரைக்குச் சூரியத் தகடும் என இரண்டையும் ஒரே பற்றரிக்கு இணைப்பதே நிறைவு தரும். தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; மின்னைத் தானே ஆக்கும் ஆசை எவ்வளவு ஆழமானது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசைக்காகவே பிழையான இடத்தில் பணத்தைப் புதைக்க வேண்டாம் என்கிறேன்.

பளை வாசகர்: இழுகம்பிகளுக்கு நங்கூரக் குழி எவ்வளவு ஆழம் வேண்டும்? புயல் வந்தால் என்ன செய்வது?

பதில்: ஆழத்தைச் சொல்வதற்கு முன் ஒன்று. முகமாலை உட்பட உங்கள் பக்கத்துக் காணிகள் பலவற்றில் கண்ணிவெடிகள் புதைந்திருந்தன. நீங்கள் குழி தோண்டும் துண்டு நிலம், கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளதா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தாமல் அலவாங்கைக் கையில் எடுக்க வேண்டாம். வீட்டடி துப்புரவாக இருந்தாலும், இழுகம்பி போய் ஊன்றும் இடம் வேலிக்கு அப்பால் இருக்கக்கூடும்.

மணற்பாங்கான உங்கள் நிலத்தில் ஒரு மீற்றருக்குக் குறையாத ஆழத்தில், கிடையாகப் புதைத்த இரும்பைச் சுற்றிக் கொங்கிறீற்று இட வேண்டும். மாரியில் நிலம் ஊறி இளகும்போது பிடி குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். புயலைப் பொறுத்தவரை, 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்த புரவியைப் போன்றதொன்று அறிவிக்கப்பட்டால், காற்று எழும்பும் முன்னரே, பகல் வெளிச்சத்தில், ஆளியைப் போட்டுச் சக்கரத்தை நிறுத்தி, தூணை முழுமையாகச் சாய்த்து, இறகுகளைக் கழற்றி உள்ளே வையுங்கள். சாய்க்கும்போது தூண் விழக்கூடிய தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. உழவு இயந்திரத்தை ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மட்டுமே கை காட்ட வேண்டும்.