மட்டியா, முற்றத்து ஈயமா?

கேள்வி: கிண்ணியாவில் இருக்கிறேன், நான்கு மாதக் கர்ப்பிணி. வற்று நேரத்தில் மாமி தம்பலகாமக் குடாச் சேற்றில் கிண்டிக்கொண்டு வரும் மட்டிதான் வாரத்தில் மூன்று நாள் கறி. சேற்றில் பார உலோகம் சேர்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து சாப்பிட மனம் வரவில்லை. மாமியோ, இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார். கணவர் வலைத்தொழில், ஈயக்குண்டு வார்ப்பதும் வீட்டில்தான். மூத்தவனுக்கு மூன்று வயது.

பதில்: சகோதரி, போகிற போக்கில் எழுதிய அந்த ஈயக்குண்டுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

தண்ணீரில் போட்டால் மட்டி மண்ணைக் கக்கும். சதையில் ஏறிய ஈயமும் கட்மியமும் ஓர் இரவில் இறங்காது, அவித்தாலும் போகாது. ஆனால் சேற்றில் உலோகம் இருப்பதெல்லாம் அப்படியே உங்கள் உடம்புக்கு வந்துவிடுவதில்லை. பெருக்கு, வற்று நீரோட்டம் தளரும் இடங்களில் படியும் நுண்களியில்தான் உலோகம் ஒட்டும். கூழ்முட்டை மணக்கும் கறுப்புச் சேற்றில் கந்தகம் அதில் பெரும்பங்கைப் பிடித்துவைத்திருக்கும். தோண்டிக் கலக்கினால் கொஞ்சம் அவிழும். ஆகவே பிள்ளை பிறக்கும்வரை வாரத்தில் ஒருநாள் மட்டி போதும். படகுக்கு வர்ணம் பூசும் கரையிலும் கழிவு வாய்க்கால் வாயிலும் எடுத்தது வேண்டாம். நண்டுச் சதை சாப்பிடலாம், ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளை எறிந்துவிடுங்கள் (மாமிக்கு மனம் வராது, தெரியும்). கட்மியம் கூடுதலாகச் சேர்வது அதில்தான். சிறுநீரகத்தில் ஏறினால் பாதி குறையவே 10 முதல் 30 வருடம் செல்லும்.

பாதரசத்தின் கதை வேறு. சேற்று நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசம் என்னும் நச்சு வடிவமாக்கும். அது சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி ஏறிக் கூடும். சூடை, சாளை தாராளமாகச் சாப்பிடுங்கள். பிள்ளை பெற்றபின் பால் சுரக்கவென்று யாராவது பெரிய சுறாவில் வறை செய்து தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி ஈயம். உருக்கும்போது மேலே திரளும் சாம்பல் முற்றத்து மண்ணில் விழுகிறது, கணவரின் சாரத்தோடு வீட்டுக்குள்ளும் வருகிறது. மூன்று வயதுக்காரன் கையை வாயில் வைப்பான். விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4-5 மடங்கு கூடுதலாகக் குழந்தை உடம்பு உறிஞ்சும். கர்ப்பத்தில் எலும்பில் பழையதாகக் கிடக்கும் ஈயமும் இரத்தத்துக்கு வந்து கருவைச் சேரும். பழைய பற்றரித் தகட்டை உருக்கினால் இன்னும் மோசம். மட்டியை நிறுத்திவிட்டு இதைத் தொடர்ந்தால் பலனில்லை.

வீட்டில் வார்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், குண்டைக் கடையில் வாங்கலாம். உருக்கிய இடத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதையும் நீங்கள் செய்யக்கூடாது. அவருடைய உடுப்பைத் தனியாகத் தோய்க்கட்டும். இரும்பும் கல்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும். கிளினிக் மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள், இரண்டையும் வேறு வேறு நேரத்தில் போடுங்கள், இரும்பு மாத்திரையோடு தேத்தண்ணி வேண்டாம்.

அடுத்த கிளினிக்கில் வீட்டில் ஈயம் உருக்கியதைச் சொல்லி, உங்களுக்கும் மகனுக்கும் இரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மறுபடி பார்க்க வேண்டிவரும்.