கடுகு டப்பாவில் இருந்த காசு

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். போன மாதம் அம்மாவின் முதல் வருடத் திதிக்கு ஊருக்குப் போயிருந்தோம். படையல் முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, என் அண்ணன் மகன் செல்போனை ஸ்பீக்கரில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டான். ஒப்பாரி மெட்டு, வயதான ஒரு பெண்ணின் குரல். அம்மாவின் பெயர், எங்கள் ஊர்க் கண்மாய், அவர் வளர்த்த ஆடுகள் என்று எல்லாம் அதில் வந்தது. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கடுகு டப்பாவில் காசு ஒளித்து வைத்தாளே என்று ஒரு வரி. மகளான எனக்கே தெரியாத விஷயம் அது. என்னால் தாங்க முடியவில்லை. அம்மா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று ஆம்புலன்ஸ், ஃப்ரீசர் பாக்ஸ், வந்தவர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

யாரைக் கூப்பிட்டுப் பாடவைத்தாய் என்று கேட்டேன். "யாரும் பாடல அத்தை, ஏஐ-ல போட்டேன், பத்து நிமிஷந்தான்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவனைத் திட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன். அங்கே அழாமல் இருந்தது என் அத்தை ஒருவர்தான். அப்பாவின் தங்கை. ஒரு காலத்தில் ஊரில் எந்தச் சாவுக்கும் அவர்தான் பாட்டெடுப்பார். "நல்லாத்தான் பாடுறா, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அழுதது பொய்யா ஐயா? மனிதர் பாடினால்தான் பாட்டுக்கு அர்த்தம் என்றால், கேட்கும்போது எனக்கு ஏன் வித்தியாசம் தெரியவில்லை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அழுதது பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டில் ஓடி ஓடி வேலை பார்த்தவர்களுக்கு அழுகை பாக்கி நிற்கும். உங்களுக்கு ஒரு வருடம் நின்றது, அன்று வந்துவிட்டது. பீரோவைத் திறக்கும்போது அம்மாவின் சேலை ஒன்று கையில் பட்டிருந்தாலும் வந்திருக்கும். அது கைத்தறியா விசைத்தறியா என்று பார்த்துவிட்டா அழுவோம்?

வித்தியாசம் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் காதில் குறையொன்றும் இல்லை. அமெரிக்காவில் டேவிட் கோப் என்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார். பழைய மேதைகளின் படைப்புகளைக் கொடுத்தால் அவர்கள் பாணியிலேயே புதிதாக எழுதித் தருகிற கணினி நிரல் ஒன்றை 1980களிலேயே உருவாக்கத் தொடங்கியவர். 1997-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. மூன்று பியானோ உருப்படிகளை வாசித்துக் காட்டினார்கள். ஒன்று, முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மானிய இசை மேதை பாக் எழுதியது. இன்னொன்று கோப்பின் நிரல் பாக் பாணியில் எழுதியது. மூன்றாவது, அங்கே இசைக் கோட்பாடு கற்பித்த ஸ்டீவ் லார்சன் அதே பாணியில் எழுதியது. எது யாருடையது என்று சபையோரிடம் கேட்டால், கணினி எழுதியதுதான் அசல் பாக் என்றார்கள். சரி, அதாவது போகட்டும். லார்சன் எழுதியதைக் கணினியுடையது என்றார்கள். பாவம், மனிதர் நொந்துபோனார்.

அது நடந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அப்போதே காது தோற்றுவிட்டது. ஆனால் கோப்பின் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த நிரல் ஒரே நாளில் பாக் பாணியில் 5000 கோரல்களை எழுதித் தள்ளியது. கோரல் என்பது தேவாலயத்தில் நான்கு குரல்களில் பாடும் பாட்டு. பாக்கின் கோரல்களைத் தொகுத்த பழைய பதிப்பில் இருப்பவை 371. இருநூறு வருடத்துக்கு மேலாக இசை படிக்கிறவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த 5000-த்தோடு யார் உட்காருவது? கோப் பின்னாளில் அந்த நிரலுக்குத் தீனியாக இருந்த தரவுத்தளத்தைத் தானே அழித்துவிட்டார்.

இந்தப் பேச்சு வந்தாலே பலரும் சொல்கிற பதில், இயந்திரத்துக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் அதன் பாட்டில் உயிர் இல்லை என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நீங்கள் அதை ஒப்புக்கொள்ளவே கூடாது. கூலிக்கு மாரடிக்கிறவர்கள் என்று இளக்காரமாகச் சொல்கிறோமே, அவர்களுக்கு உங்கள் வீட்டுப் பிணத்தின்மேல் என்ன உணர்ச்சி இருக்க முடியும்? செத்தவர் பெயரே அன்று காலையில்தான் தெரிந்திருக்கும். அப்படியும் அவர்கள் பாட்டெடுத்தால், அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த மருமகள்கள் உடைந்துவிடுவார்கள்.

என் தாத்தா இறந்தபோது எனக்குப் பத்து வயது. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெண்களை வரவழைத்தார்கள். வந்ததும் அவர்கள் அழவில்லை. வாசலில் குத்தவைத்து, டீ குடித்துக்கொண்டே விசாரித்தார்கள். எத்தனை மகன், எத்தனை மகள், யார் வெளியூரில் இருக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. (இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். எந்தப் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பெயரைப் பாடக் கூடாது என்று தெரிய வேண்டும்.) அப்புறம் ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில், மூத்த மகன் முகம் பார்க்காமலே கண்ணை மூடினாயே என்று ஒரு வரி வந்தது. பெரியப்பாவோ மூன்று நாளாகத் தாத்தாவின் கட்டிலை விட்டு நகராதவர். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, "அடியே, மூத்தவன் மடியிலதான்டி உசுரு போச்சு" என்று சத்தம் போட்டாள். பாடியவள் நிறுத்தவில்லை, மெட்டும் தப்பவில்லை. அடுத்த வரியிலேயே, மூத்த மகன் மடி உனக்கு மெத்தையாச்சோ என்று திருப்பிவிட்டாள். பெரியப்பா அப்போதுதான் அழுதார்.

அந்தப் பெண்ணுக்கு உள்ளுக்குள் துக்கம் இருந்ததா என்பது இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் பாடியது என் தாத்தாவைப் பற்றி. தப்பாகப் பாடினால் அதட்ட அங்கே ஆள் இருந்தது. நாலு தடவை தப்பினால் அடுத்த சாவுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். தனக்கும் ஒரு நாள் இப்படி யாராவது பாடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பாடுகிற ஒவ்வொரு வரிக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியவளாக அந்த வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் அத்தை "யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாரே, இந்த விவகாரத்தில் அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. ஒளிக்காமல் பதில் சொல்வதென்றால், யார் வீட்டுப் பெண்ணும் இல்லை, அல்லது பல்லாயிரம் வீட்டுப் பெண்கள். பாட்டுப் போட்டுத் தரும் இந்தச் செயலிகள் எல்லாம் மனிதர்கள் ஏற்கெனவே பாடி வைத்ததைத் தின்று வளர்ந்தவை. ஒலிப்பதிவுகளை எண்களாக மாற்றி, எதற்குப் பின் எது வரும் என்று லட்சக்கணக்கான பாட்டுகளில் பழகி, அந்தப் பழக்கத்தில் புதிய ஒன்றைக் கோக்கின்றன. சுனோ, யூடியோ என்ற இரண்டு நிறுவனங்கள்மேல் 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. இணையத்தில் திறந்து கிடக்கும், ஓரளவு தரமான இசைக் கோப்புகளை ஏறக்குறைய முழுவதுமாகப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதை சுனோ தன் பதில் மனுவில் மறுக்கவில்லை. அது நியாயமான பயன்பாடுதான் என்று வாதாடியது. வழக்குப் போட்டவர்களில் சிலர் 2025-இல் சமரசமாகி ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். ஒப்பாரிக் கிழவிகளுக்கு வக்கீல் கிடையாது. எங்கோ ஒருத்தி தன் மகனின் சாவுக்குப் பாட, யாரோ செல்போனில் பிடித்து யூடியூபில் ஏற்றிவிட்ட அழுகைகூட உங்கள் திண்ணையில் கேட்ட குரலில் கலந்திருக்கலாம்.

ஏஐ என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டவும் கூடாது. பாடகி பவதாரிணி 2024 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே வருடம் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் தம்பி யுவன் ஏஐ உதவியோடு அக்காவின் குரலைக் கொண்டுவந்தார். அந்த மெட்டைப் போடும்போதே இது அக்காவுக்கான பாட்டு, உடம்பு தேறி வந்ததும் பாடவைக்கலாம் என்று நினைத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்ததாகவும் யுவன் எழுதியிருந்தார். இதைத் தெரியாமல் கேட்டால் அது ஒரு மென்மையான சினிமாப் பாட்டு. தெரிந்துகொண்டு கேட்டால் தொண்டை அடைக்கிறது. இரண்டு தடவையும் காதில் விழுகிற ஒலி ஒன்றுதான். குரலை இயந்திரம் தந்திருக்கலாம், அக்காவைத் தேடுவது தம்பி. உங்கள் அத்தை கேட்டால் அங்கே சொல்லப் பதில் இருக்கிறது.

அதே வருடம் ஏ.ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். எஸ்.பி.பி.யின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். குடும்பம் சம்மதம் தரலாம். பாடியிருக்க வேண்டியவரிடம் கேட்க வழியில்லை. எனக்கு அந்த நெருடல் போகவில்லை. ஆனாலும் யுவனின் அந்தப் பாட்டு எங்காவது ஒலித்தால் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

இப்போது அந்தக் கடுகு டப்பாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அது உறுத்தியது. மகளுக்கே தெரியாத சங்கதி பாட்டுக்குள் எப்படி வந்தது? அண்ணன் மகன் தட்டச்சு செய்து கொடுத்திருக்கலாம். அப்பத்தா யாருக்கும் தெரியாமல் அவனுக்கு மட்டும் அந்த டப்பாவைத் திறந்து காசு கொடுத்திருக்கலாம். அப்படி இல்லையென்றால், அவன் பெயர், ஊர், கண்மாய், ஆடு என்று நாலு விவரம் மட்டும் கொடுத்திருப்பான், மிச்சத்தை இயந்திரமே இட்டு நிரப்பியிருக்கும். தமிழ்க் கிழவி என்றால் கடுகு டப்பாவில் காசு வைப்பாள் என்பது அதற்கு ஆயிரம் கதைகளிலிருந்து மனப்பாடம். உங்கள் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருக்கலாம், முந்தானையில் முடிந்திருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்குக் காசே கொடுக்காத கறாரான மனுஷியாகக்கூட இருந்திருக்கலாம். அன்று திண்ணையில் "இல்லடி" என்று யாராவது சத்தம் போட்டிருந்தாலும் ஸ்பீக்கர் காதில் விழுந்திருக்காது.

எப்படி இருந்தாலும் வரி அதே வரி, குரல் அதே குரல், நீங்கள் அழுததும் அதே அழுகை. ஒலி மட்டும்தான் பாட்டு என்றால், இந்த இரண்டில் எது என்று நீங்கள் கவலைப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் இதைப் படிக்கும்போதே உங்களுக்கு இருப்புக்கொள்ளாது என்று நினைக்கிறேன். எனக்கே இருப்புக்கொள்ளவில்லை.

பையனைத் திட்டியதை மறந்துவிட்டு அவனைக் கூப்பிடுங்கள். செயலிக்கு என்ன எழுதிக் கொடுத்தான் என்று காட்டச் சொல்லுங்கள், அது அவன் போனில் இன்னும் இருக்கும். மெட்டு இருக்காது. எழுத்துப் பிழை இருக்கும், பாதி தங்கிலீஷில் இருக்கும். கடுகு டப்பா அதில் இருந்தால் அத்தையிடம் படித்துக் காட்டுங்கள். நாத்தனாருக்குத் தெரியாத டப்பா எந்த வீட்டிலும் இருந்ததில்லை, வேறு ஏதாவதுகூடச் சொல்வார். இல்லாவிட்டாலும், காசை எங்கேதான் வைத்திருந்தார் என்று அவரிடமே கேளுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்.