சைக்ளோன் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? எல்லா இடத்திலும் அதைப் புயல் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. சைக்ளோன் என்ற சொல் காற்றின் வேகத்தைக் குறிப்பதல்ல, அது சுழல்வதைக் குறிப்பது.

சொல் பிறந்தது கல்கத்தாவில். வங்கக் கடல் புயல்களில் சிக்கிய கப்பல்களின் பதிவேடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், 1848இல் வெளிவந்த தம் மாலுமிக் கையேட்டில் இந்தப் பெயரை வைத்தார். கிரேக்க வேருக்கு வட்டம், பாம்புச் சுருள் என்று பொருள். பெயரிலேயே சுழற்சி இருந்தது மாலுமிக்கு உயிர்காக்கும் செய்தி. நம் அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் ஏறக்குறைய இடக்கைப் பக்கம் இருக்கும். கப்பலை எந்தப் பக்கம் விலக்குவது என்று அதிலிருந்து கணிக்கலாம். மேற்கு நோக்கி வரும் புயல் தமிழகக் கரையைக் கடக்கும்போது மையத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் ஏறுவதும் இதனால்தான்: அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கு.

மொழிபெயர்ப்பில் அதிகம் தவறுவது 'சைக்ளோனிக் சர்க்குலேஷன்'. அது மேலடுக்குச் சுழற்சி. மழை தரலாம், புயல் அல்ல. அதைப் 'புயல் சுழற்சி' என்று எழுதினால் மக்கள் வீணாகப் பதறுவார்கள். இந்திய வானிலைத் துறைக் கணக்கில் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் 'சைக்ளோனிக் ஸ்டார்ம்', அதாவது புயல். பெயர் சூட்டுவதும் அப்போதுதான். 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். 1999இல் ஒடிசாவைத் தாக்கியது உச்சப்படியான சூப்பர் சைக்ளோன்.

அட்லாண்டிக்கின் ஹரிக்கேனும் வடமேற்குப் பசிபிக்கின் டைபூனும் இதே இனம்தான். ஆனால் காற்று ஏறக்குறைய 119 கிலோமீட்டரை எட்டினால்தான் அங்கே அந்தப் பெயர். ஆகவே 70 கிலோமீட்டரில் வீசும் நம் புயலை ஹரிக்கேன் என்று மாற்றி எழுதுவது பிழை.

சூறாவளி என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். இலங்கைத் தமிழில் அது சைக்ளோனே. 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்ததை அங்கே சூறாவளி என்றே சொல்வார்கள். சென்னை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையிலோ, '45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று' என்றால் ஆங்கிலத்தில் 'ஸ்குவால்': விட்டுவிட்டு உறுமும் பலத்த காற்று. அன்று புயல் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் படகை இறக்கக் கூடாது.