ஹார்ட் டிஸ்க்கில் சாட்டா முனை உடைந்தால்: அந்தத் துண்டை எடுக்காதீர்கள்

டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை இழுத்தபோது டிஸ்க்கின் எல் வடிவ பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து கேபிளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது என்கிறீர்கள். (கிளிப்பை அழுத்தாமல் இழுத்திருப்பீர்கள், நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.) அந்தத் துண்டை ஊசி வைத்து நோண்டி எடுத்துவிடாதீர்கள், அதுதான் இப்போது உதவப்போகிறது.

முதலில் பவரை முழுதாக அணைத்துவிட்டு, டார்ச் அடித்து டிஸ்க் பக்கம் பாருங்கள், டேட்டா முனையில் 7 தங்க நிறக் கம்பிகளும் வளையாமல் நேராக நின்றால் பிழைத்தீர்கள். லேசாக வளைந்திருந்தால் பல்குத்தும் குச்சியால் மெதுவாக நிமிர்த்தலாம். அப்புறம் துண்டோடு இருக்கும் அதே கேபிளை நேராகப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், பெரும்பாலும் கணினியில் டிஸ்க் தெரிந்துவிடும். தெரிந்த உடனே வேறு வேலை எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

நகலெடுக்கும்போது ஸ்மார்ட் தகவலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) 199ஆம் எண், அதாவது கேபிள் வழியே தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனால் தொடர்பு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பழைய எண்ணிக்கை குறையாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கம்பியே ஒடிந்திருந்தால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டிலுள்ள சிப்பில் இருக்கும், சும்மா மாற்றினால் பெரும்பாலும் ஓடாது.