உடன் வருபவர் பேசினால் நோயாளி எப்போது பேசுவார்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62, நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். மருத்துவரிடம் அண்ணன்தான் அழைத்துச் செல்கிறார். மருத்துவர் அம்மாவைக் கேட்டாலும் பதில் சொல்பவர் அண்ணனே. இதற்கிடையில், மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததைப் படித்துவிட்டு, அம்மா அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். மருத்துவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. அடுத்த முறை நான் உடன் போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் மாத்திரை நிறுத்தப்பட்ட செய்தி அதுவரை காத்திருக்கக் கூடாது. அம்மாவிடம் பேசி, இன்றே மருத்துவருக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். இரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அளவு கூடியிருப்பதைக் காணும் மருத்துவர், கொடுத்த மருந்து போதவில்லை என்று எண்ணி, கிளிமிபிரைடு போன்ற வேறொரு மாத்திரையைச் சேர்க்கவோ இன்சுலினைத் தொடங்கவோ கூடும். பிறகு ஒருநாள் மனம் மாறி அம்மா பழைய மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால், சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போகலாம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. ஆகவே சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்கிறோம், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவு 30-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். இந்தப் பாதி உண்மைதான் குழுக்களில் முழுப் பயமாக மாறிவிடுகிறது. உண்மையில் சிறுநீரகத்தைச் சிதைப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான்.

அதற்காகக் குழுவில் வருவதையெல்லாம் ஒதுக்கச் சொல்லமாட்டேன். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதும் அத்தகைய குழுக்களில் வருவதுண்டு. அது சரியான தகவல், பாதம் மரத்துப்போகிறவர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. படித்ததை வைத்து மருந்தை மாற்றாமல், கைப்பேசியை மருத்துவரிடமே நீட்டி, 'இது எனக்குப் பொருந்துமா?' என்று அம்மா கேட்கட்டும். அப்படிக் கேட்பவரைக் கடிந்துகொள்ளும் மருத்துவர்கள் தங்கள் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கடுமைக்கு அஞ்சித்தான் பலர் மறைக்கிறார்கள்.

அண்ணனின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பழைய சீட்டுகளை எடுத்துவைப்பதும், மருத்துவர் சொன்னதை நினைவில் கொள்வதும் உடன் வருபவரால் ஆகும் பெரிய உதவி. ஆயினும் சர்க்கரை உள்ள பெண்களுக்கு அடிக்கடி வரும் பிறப்புறுப்பு அரிப்பையோ, இருமினால் சிறுநீர் கசிவதையோ மகன் எதிரில் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வார்? மகளிடம்கூடச் சிலர் சொல்லத் தயங்குவார்கள். ஆகவே, 'சிறிது நேரம் அம்மாவுடன் தனியாகப் பேசுங்கள், டாக்டர்' என்று நீங்களே கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஆண் மருத்துவர் உடலைப் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ளது. அப்போது நீங்களோ செவிலியரோ இருக்கலாம்.

புறப்படும் முன், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், மீதமிருப்பவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை நிறுத்தினார், எப்போது நிறுத்தினார் என்பதை அம்மாவே தம் வாயால் சொல்லட்டும்; அவர் தடுமாறினால் மட்டும் நீங்கள் எடுத்துக்கொடுங்கள்.